பக்கத்துப் பிள்ளையின் பங்கு

சாயங்கால மணி ஓய்ந்து கண்ணைத் திறந்தபோது, ஜெனிபரின் இடது உள்ளங்கையில் சோம்பு மிட்டாய் வாசனை அடித்தது. வீட்டில் மிட்டாயே கிடையாது.

திருக்கோகர்ணத்து வாடகை வீட்டில் அவளும் ஆறு வயது மகள் பிளெஸ்ஸியும்தான். கணவன் ராபினுக்குத் துபாயில் வேலை. மாதா கோயில் மணி கேட்டால் தாயும் மகளும் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடி, இடது கையைப் பின்னால் நீட்டியபடி செபம் சொல்வார்கள்.

"ஒங்க ஆவூர்ல மாதாவுக்கு முதுகக் காட்டித்தான் நிப்பீங்களா?" என்பான் ராபின். தொட்டில் பழக்கம் என்று அவளும் சிரித்துவிடுவாள்.

அந்த வாசனை, சின்ன வயதில் படித்த ஒரு நாவலைக் கிளறிவிட்டது. பெயர் நினைவில்லை. பிள்ளைகளின் மனதைச் சோதிக்கும் ஒரு வீடு. மணி அடித்தால் மிட்டாய் வரும். கொடுப்பவரைப் பார்க்கக் கூடாது. பார்த்த பிள்ளையின் பங்கு பக்கத்துப் பிள்ளைக்குப் போகும். பார்த்த பிள்ளை என்ன ஆனது? அது மட்டும் பிடிபடவில்லை. வாசகர் குழுவில் கேட்டாள். அப்படி ஒரு நாவலே இல்லை என்றார்கள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஆவூரில் இருக்கும் அண்ணன் அமல்ராஜுக்குப் போன் செய்தாள்.

"நம்ம வீட்டுல ஏது நாவலு? செபப் புத்தகம் ஒண்ணுதான்."

"அப்ப எங்கண்ணே படிச்சேன்?"

"நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப லீவுல ஒரு படிப்பாளி, டெஸ்ட் வைக்கிறேன்னு பிள்ளைகளக் கூட்டிட்டுப் போனாரு. நீ மட்டுந்தான் திரும்பி வந்த. ரெண்டு கையிலயும் கொள்ளாம மிட்டாய்."

"சுவத்தப் பாத்து செபம் சொல்றது நம்ம வழக்கந்தானே?"

"யாரு சொன்னா? பீடத்தப் பாத்து முழங்கால்தானே போடுவோம்."

போனை வைத்தாள். அடுப்படியில் சோறு அடிப்பிடிக்கும் வாசனை, தெருமுனையில் டவுன் பஸ் திணறித் திரும்பும் சத்தம், கரகரக்கும் காற்றாடிக்கு அடியில் பொம்மையோடு பேசிக்கொண்டிருந்த மகள், எல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பதாகத் தோன்றியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று எழுந்தாள்.

மணி அடித்தது.

கால் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. கண் மூடிக்கொண்டது. கை பின்னால் நீண்டது. பக்கத்தில் பிளெஸ்ஸி வந்து நின்றாள்.

சோம்பு வாசனை.

வெறுங்கால் நடை. நெருங்கியது. நின்றது.

உள்ளங்கையில் ஒரு மிட்டாய்.

"அம்மா, யாரும்மா அது? நான் பாக்கவா?"

வேண்டாம் என்று கத்த நினைத்தாள். வாய் செபத்தையே சொல்லிக்கொண்டிருந்தது.

பிளெஸ்ஸியின் கொலுசு லேசாகச் சிணுங்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

ஜெனிபரின் கையில் இன்னொரு மிட்டாய் விழுந்தது.