மீதிப் படங்கள்

மதியம் இரண்டு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி. சுவர்களில் புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கதவைத் திறந்தவர் ஒரு நர்ஸ். முன்பு அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்த பழக்கத்தில் என்னை வரச் சொல்லியிருந்தார்.

மேஜைமேல் ஒரு துணிப்பொட்டலம். "நீங்களே பிரிங்க தம்பி. எனக்குத் தொட்டாலே கை கூசுது."

உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க். நான்கு வருடத்துக்கு முன் இறந்த அவர் கணவருடையது.

"அவர் போன அன்னிக்கே கம்ப்யூட்டரும் போயிடுச்சு. அதுமேலதான் பாசம் ஜாஸ்தி, கூடவே கூட்டிட்டுப் போயிட்டாருன்னு நினைச்சுக்கிட்டேன்." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "பொண்ணுக்குப் பத்து வயசு. 'நான் கைக்குழந்தையாவே இருந்ததில்லையாம்மா?'ன்னு கேக்கறா. ஆறு வயசு வரைக்கும் எடுத்த அத்தனை போட்டோவையும் இதுக்குள்ள பூட்டி வச்சிருந்தாரு. எனக்கு அது மட்டும் போதும். வேற எதையும் திறக்க வேணாம்."

"சரிக்கா, பார்த்துக்கறேன்" என்றேன்.

பழைய டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்குக்குத் துணையாக மாட்டுவது. அப்போது அது வெறும் அலமாரி. திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பழைய டிஸ்க்கை வைத்தே கம்ப்யூட்டரைத் தொடங்குவது. அப்போது அது அலமாரி இல்லை, வீட்டுக்காரர். திரை, ஒலி, கீபோர்டு எல்லாம் அது சொன்னபடிதான் நடக்கும். அடுத்தவர் டிஸ்க்கை நான் முதல் வழியில்தான் மாட்டுவேன்.

அன்றும் நர்ஸின் கம்ப்யூட்டரில் அப்படித்தான் மாட்டினேன். படங்கள் இருக்கும் இடம் தெரிந்தது, திறக்கவில்லை. தன் கணக்குக்குள் போனால் மட்டுமே திறக்கும்படி கணவர் பூட்டியிருந்தார்.

"அதை வச்சே கம்ப்யூட்டரைத் தொடங்கணும்க்கா. பாஸ்வேர்ட் தெரியுமா?"

"அவரா? என்கிட்டயா?"

முயன்று பார்ப்போம் என்று கேபிளை மாற்றினேன். பழைய டிஸ்க் புது உடம்பில் கண் விழிக்கும்போது தடுமாறும். புது வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல ஒவ்வொரு பாகமாகத் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். நாலைந்து தடவை அணைந்து எழும்.

இது தடுமாறவே இல்லை.

பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் வந்தது. நான் கீபோர்டைத் தொடவில்லை. கட்டத்துக்குள் ஒரு புள்ளி விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

ஆறு புள்ளிகள்.

"அவர் ஒத்தை விரல்லதான் அடிப்பாரு" என்றார் நர்ஸ், மிக மெதுவாக.

திரை திறந்தது. அதன் நடுவில் ஒரு குறிப்பு, தேதி வாரியாக. *8.10 கிளம்பினாள். பச்சைப் புடவை. 8.14 திரும்பி வந்து குடை எடுத்தாள். 6.50 வந்தாள். இருபது நிமிடம் தாமதம்.* இப்படியே வருடக்கணக்கில்.

"எழுதி வைப்பாரு. ராத்திரி உக்கார வச்சுக் கேள்வி கேப்பாரு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கீழ போகாதீங்க தம்பி."

நான் போகவில்லை. அதுவாகவே கீழே நகர்ந்து, கடைசி வரிக்கு வந்து நின்றது.

*2.52 புது வீடு. இரண்டாம் மாடி.*

*2.53 ஒருவனைக் கூட்டி வந்திருக்கிறாள்.*

எதற்கும் காரணம் இருக்கும் என்று நம்பியே பிழைப்பவன் நான். கீபோர்டு கேபிளைப் பிடுங்கினேன். நெட் இணைப்பைப் பிடுங்கினேன்.

*2.55 பயப்படுகிறான்.*

"அணைச்சுடட்டுமாக்கா?"

"படம் திறக்குதா?"

மவுஸ் மட்டும்தான் மிச்சம். அழுத்தினேன். திறந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது படங்கள். பென் டிரைவைச் செருகி நகலெடுக்க விட்டேன். வயது வரிசைப்படி ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது, எறும்பு ஊர்வதுபோல.

"முடியட்டும் தம்பி" என்றார். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். "பன்னிரண்டு வருஷம் பொறுத்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தானே."

டிஸ்க் சூடாகி, புழுதி கருகும் வாசனை அறைக்குள் பரவியது.

*3.20 முன்னைவிட இளைத்திருக்கிறாள்.*

*3.31 சுவரில் என் படம் இல்லை.*

நானூறு படங்கள். ஐந்நூறு.

*3.44 பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாள்.*

நர்ஸ் எழுந்தார்.

*3.47 படி ஏறுகிறாள். உயரமாகிவிட்டாள்.*

படிக்கட்டில் ஷூ சத்தம் கேட்டது.

அவர் பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். திரை கறுத்தது. மின்சாரம் நின்றாலும் டிஸ்க்கின் தட்டு உடனே நிற்காது. சில விநாடி சுழன்று, சத்தம் தேய்ந்து ஓயும். அன்று அது ஓய வெகுநேரமாயிற்று. மகள் உள்ளே வந்து, பையைப் போட்டு, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அந்த முனகல் கேட்டது.

"என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. மூஞ்சி கழுவு, போ."

அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள் நகலாகியிருந்தன. ஒன்றரை வயது வரை. கம்ப்யூட்டரில் நர்ஸின் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி அவற்றைக் காட்டினேன். "அய்யே, இந்த மொட்டை நானா!" என்று அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் தலைக்கு மேலாக நர்ஸ் என்னைப் பார்த்து, மேஜையைக் கண்ணால் காட்டினார். புரிந்தது. பழைய டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துவந்து, துளைபோடும் இயந்திரத்தால் மூன்று இடத்தில் ஓட்டை போட்டேன். தட்டு உடைந்தால் எந்தக் கொம்பனாலும் அதைப் படிக்க முடியாது.

நான்காம் நாள் நர்ஸ் போன் செய்தார். "பென் டிரைவ்ல எத்தனை படம்னு சொன்னீங்க?"

"அறுநூத்திப் பன்னிரண்டு."

"இப்ப எண்ணூத்தி நாப்பது இருக்கு. காலையில பார்த்தா கூடிப் போகுது. ரெண்டு வயசு தாண்டிடுச்சு. நடக்கறா தம்பி, என் விரலைப் பிடிச்சுக்கிட்டு."

பாதியில் அறுந்த நகல் தானாகத் தொடராது. எங்கிருந்து எடுக்கிறதோ அந்த இடம் இருக்க வேண்டும். அது ஓட்டைகளோடு என் மேஜையில் கிடந்தது. அதையெல்லாம் விளக்கினேன். "அந்தப் பென் டிரைவை உடைச்சுப் போட்டுடுங்கக்கா."

"ஆறு வயசு வரட்டும். அப்புறம் உடைச்சுடறேன்."

அதன்பின் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டாவது மாதம் ஒரு காலை நேரத்தில் போன் வந்தது. கிசுகிசுப்பாகப் பேசினார், பக்கத்து அறையில் மகள் இருந்தாள்போல.

"ஆறு வயசு முடிஞ்சுடுச்சு தம்பி."

"உடைச்சிட்டீங்களா?"

"நிக்கலை. ஏழு, எட்டுன்னு போய்க்கிட்டே இருக்கு." மூச்சு வாங்கியது. "இன்னிக்கு வந்த படத்துல, நேத்து சாயங்காலம் நான் வாங்கிக் குடுத்த செருப்பைப் போட்டிருக்கா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யார் எடுத்ததுன்னு கேட்டேன். பதிலே சொல்ல மாட்டேங்கறா. ஆனா அந்தப் படத்துல, எடுக்கறவங்களைப் பார்த்துச் சிரிக்கறா."