ஹான்ஸ் எவ்வளவு வளரும்?

"மன்னிக்கவும்... உங்கள் ஜாக்கெட் அசைகிறது."

ஜெர்மன் மொழியில் வந்தது அந்தக் குரல். பார்த்தசாரதி திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

எதிர் இருக்கையில் ஒரு பெண். நனைந்த குடை காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியில் நாலைந்து மழைத்துளிகள். அவற்றுக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள்... சிரிப்பை அடக்கப் பார்த்து, தோற்றுக்கொண்டிருந்த கண்கள்.

அவன் குனிந்து பார்த்தான். நெஞ்சருகே ஜாக்கெட்டின் ஜிப் இரண்டு அங்குலம் திறந்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு சின்னத் தலை. பிளந்த நாக்கை நீட்டி ரயில் பெட்டியின் காற்றை ருசி பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, மானம் போச்சு," என்று முணுமுணுத்தான்.

"மானம் இருக்கட்டும். முதல் அந்தச் சிப்பை இழுத்து விடுங்கோ. அதுக்குக் குளிரும்."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். தமிழ்... காலை ஏழே முக்காலுக்கு, ஹைடல்பெர்க் போகும் ரயிலில், இத்தனை இனிமையாக.

"நீங்க... தமிழா?"

"ஓம். உங்கட பாம்பு?"

"அது ஜெர்மன்."

அடக்கி வைத்திருந்த சிரிப்பு உடைந்து வெளியே வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் இருவரையும் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார், பிறகு செய்தித்தாளை மடித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

"எங்க கொண்டு போறீங்கள்?"

"டாக்டர்கிட்ட. எட்டரைக்கு அப்பாயின்ட்மென்ட்."

அவள் கண்கள் சுருங்கின. "டொக்டர் ஹார்ட்மனிட்டயோ? போன திங்கட்கிழமை போன் எடுத்து, 'மை ஸ்னேக் இஸ் வெரி ஷை' எண்டு சொன்னது நீங்கள்தானோ?"

"அது... ஆமா."

"உங்கட எட்டரை டெர்மினை எழுதினது நான்தான். ஓட்டை போட்ட பெட்டிக்குள்ள, துணிப்பையில வைச்சுக் கொண்டு வாங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னனே."

"பெட்டிக்குள்ள பயந்துடுமோன்னு..."

"நீங்கள் பயந்தீங்கள் எண்டு சொல்லுங்கோ."

அவன் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினான். பாம்பின் தலையில் படாமல் இருக்க விரலை உள்ளே வைத்து மூடிய அந்தக் கவனத்தை, கோபமாக இருந்தபோதும், அவள் கவனிக்காமல் இல்லை.

அவள் பெயர் பேர்பெச்சுவா. மன்னாரில் பிறந்து, ஒன்பது வயதில் அகதியாக அப்பாவோடு ஜெர்மனிக்கு வந்தவள். ஹைடல்பெர்க்கில் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளர் வேலை.

அவனோ விருதுநகர்க்காரன். வால்டோர்ஃபில் ஒரு சாஃப்ட்வேர் ப்ராஜெக்டுக்காக அந்த வருடம், 2006 மே மாதம் வந்தவன். உலகக் கோப்பைக் கால்பந்துக் கோடை முடிந்து அக்டோபர் வந்தும், பால்கனிகளில் சில கொடிகள் இன்னும் வெளுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்த நேரம். ஆகஸ்டில் அவன் வாடகைக்குப் போன வீட்டில் முன்பு குடியிருந்தவன் ஒரு கண்ணாடித் தொட்டியையும், அதற்குள் ஒரு போவா பாம்புக் குட்டியையும், 'இவன் பெயர் ஹான்ஸ்' என்று ஒரு சீட்டையும், அதன் பிறப்புச் சான்றிதழையும் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான்.

மூன்று நாள் பார்த்தசாரதி தொட்டி இருந்த அறைக் கதவையே திறக்கவில்லை. நாலாம் நாள் தண்ணீர் வைக்கக் கையை விட்டபோது, அது மெல்ல ஊர்ந்து வந்து அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. கையின் சூட்டுக்காக வந்தது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும்... ஊரை விட்டு வந்த அந்த மூன்று மாதத்தில் கைகுலுக்கல் தவிர வேறு எந்த உயிரும் அவனைத் தொட்டதில்லை. அன்றிலிருந்து ஹான்ஸ் அவனுடையது.

இப்போது வீட்டுக்காரம்மா கேட்கிறாள், இது எவ்வளவு பெரிதாகும் என்று. ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும் எதுவும் தன் வீட்டில் இருக்கக் கூடாதாம். இணையத்தில் ஒருவர் ஒரு மீட்டர் என்கிறார், இன்னொருவர் நாலு மீட்டர் என்கிறார். அதனால்தான் இந்த டாக்டர்.

டாக்டர் ஹார்ட்மன் வெள்ளை முடியும் உறுதியான விரல்களும் கொண்ட அம்மாள். மெல்லிய கம்பி ஒன்றை வைத்து வாலடியில் சோதித்துவிட்டு, சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"ஹான்ஸ் பொம்பிளைப்பிள்ளையாம்," என்றாள் பேர்பெச்சுவா.

"ஐயையோ... ரெண்டு மாசமா 'டேய்'னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேனே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் நீளம் பார்க்கும் வேலை அவளுடையதாயிற்று. பாம்பை இழுத்து நீட்டக் கூடாதாம். மேசையின் ஓரமாக ஊர விட்டு, முதுகு வளையும் வழியே ஒரு நூலை வைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு நூலை அளக்க வேண்டும்.

"வால் பக்கம் நீங்கள் பிடியுங்கோ. இறுக்காதேங்கோ."

அவன் பிடித்தான். அவள் தலைப்பக்கத்திலிருந்து நூலை அழுத்திக்கொண்டு மெல்ல மெல்ல வந்தாள்... கழுத்து, வயிறு, செம்பழுப்பு வாலின் நுனி. அங்கே அவன் விரல் இருந்தது. அவள் விரல் அதில் முட்டி நின்றது. யாரும் எடுக்கவில்லை. ஜன்னலில் மழை பெய்துகொண்டே இருந்தது.

"எழுவத்திநாலு சென்ரிமீற்றர்," என்றாள் கடைசியில். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"இதை வச்சு, பெருசானா எவ்வளவுன்னு சொல்லிடலாமா?"

"ஏலாது. குட்டியின்ர நீளத்தை மட்டும் வைச்சு ஒண்டும் சொல்லேலாது. ஆணெண்டா ஒண்டரை மீற்றர், கொஞ்சம் கூட... அதோட நிண்டிடும். பொம்பிளை எண்டா இன்னும் பெருசு. மிச்சம் வம்சத்தில இருக்கு. எந்த நாட்டுப் பரம்பரை, தாய் எவ்வளவு நீளம், தகப்பன் எவ்வளவு நீளம்... எல்லாம் விசாரிக்கோணும்."

"பொண்ணு பாக்கிற மாதிரியே விசாரிக்கிறீங்களே."

சட்டென்று அவள் கன்னம் சிவந்தது. ஹான்ஸின் பிறப்புச் சான்றிதழில் இருந்த பாம்புப் பண்ணைக்காரரின் எண்ணுக்குப் போன் செய்யும் சாக்கில் திரும்பிக்கொண்டாள். அங்கே யாரும் எடுக்கவில்லை.

"பிறகு எடுத்துப் பாக்கிறன். இப்போதைக்கு ரெண்டு மீற்றர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்காகத் தீனியைக் கூட்டிக் குடுக்காதேங்கோ. கெதியா வளரும்... கெதியாச் செத்தும் போகும்."

"ரெண்டு மீட்டர்..." அவன் விசிலடித்தான். "அதுக்கு எத்தனை நாளாகும்?"

"நாலு, அஞ்சு வருசம். நல்லாப் பாத்தா இருவத்தஞ்சு வருசம் உயிரோட இருக்கும்."

"என் ப்ராஜெக்டே மார்ச்ல முடியுது," என்றான் அவன், சிரித்தபடி, எதையும் யோசிக்காமல்.

அந்தக் கண்களில் இருந்த வெளிச்சம் அணைந்ததை அவன் பார்த்தான். ஏன் என்றுதான் புரியவில்லை.

"அப்ப ஏன் கேக்கிறீங்கள்?" நூலை அவள் விரலில் சுற்றி இறுக்கினாள். "இது வளர்றதைப் பாக்க நீங்கள் இருக்கப் போறதில்லையே. கம்ப்யூட்டர் வேலைக்கு வாற ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான். வருவினம்... பழகுவினம்... போயிடுவினம்."

அவனுக்குச் சுருக்கென்றது. "நான் பாம்போட சைஸைத்தாங்க கேட்டேன். என் விசாவ இல்ல."

அவள் ஒரு தாளில் ஊர்வன காப்பகம் ஒன்றின் முகவரியை எழுதி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். இந்த முறை ஹான்ஸ், அவள் கொடுத்த ஓட்டை போட்ட பெட்டியில் போனாள்.

அன்று மாலை ரயிலில் திரும்பும்போது பேர்பெச்சுவாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. முதல் நாள் பார்த்த மனிதனிடம் ஏன் அப்படிப் பேசினாள்?

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். அகதிகள் விடுதியில் வளர்ந்த நாலு வருடங்களில், அவள் சிநேகிதம் பிடித்த ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு காலையில் பெட்டியோடு பேருந்தில் ஏறிப் போனது. எல்லோரும் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். யாரும் போடவில்லை. கடைசியில் புதிதாக வரும் பிள்ளைகளின் பெயரைக் கேட்பதையே அவள் நிறுத்திவிட்டாள்.

'இவரின்ர பெயரையும் கேக்காமல் விட்டிருக்கலாம்... ஆனா டெர்மின் புத்தகத்தில நான்தானே எழுதினன். பார்த்தசாரதி. எவ்வளவு நீளப் பெயர்...'

நவம்பர் முழுவதும், வால்டோர்ஃபுக்கும் தன் ஊர் வீஸ்லொக்குக்கும் பொதுவான நிலையத்தில் ரயில் ஏறும்போதெல்லாம் அவள் கண்கள் ஒரு பழுப்பு ஜாக்கெட்டைத் தேடின. இல்லை. காப்பகத்தில் விட்டிருப்பான். ஒருவேளை ஊருக்கே போயிருப்பான்.

வால்டோர்ஃபில் பார்த்தசாரதி அந்தக் காப்பகத்தின் எண்ணை ஒன்பது முறை அழுத்தினான். ஒன்பது முறையும் மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டான்.

டிசம்பர் நடுவில் பண்ணைக்காரர் தானாகவே வைத்தியசாலைக்குப் போன் செய்தார். வீடு மாறியதால் இத்தனை தாமதமாம். கேட்ட விவரம் எல்லாம் தந்தார். டாக்டர் ஹார்ட்மன், "அந்த இளைஞனுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிடு," என்றார்.

ஒரு வரிக்கு பேர்பெச்சுவா நாலு தாள்களைக் கிழித்தாள். சனிக்கிழமைப் பள்ளியில் கற்ற உருண்டைத் தமிழ் எழுத்தில், கடைசியில் இப்படி எழுதினாள்:

'கொலம்பியாப் பரம்பரை. தாய் இரண்டு மீற்றர் பத்து. தகப்பன் ஒரு மீற்றர் அறுபத்தைந்து. ஆகவே ஹான்ஸ் இரண்டு மீற்றர் அளவுக்கு வருவாள். தாயைப் போலவும் வரலாம். அன்றைக்கு நான் கதைத்தது பிழை. நீங்கள் அவளைக் கவனமாகப் பிடித்திருந்தீர்கள். பேர்பெச்சுவா.'

கடைசி வாக்கியத்தைப் பார்த்தசாரதி எத்தனை முறை படித்தான் என்று அவனுக்கே தெரியாது. ஜெர்மனிக்கு வந்த பிறகு அவனுக்குக் கையால் எழுதி வந்த முதல் தமிழ்க் கடிதம் அது.

ப்ராஜெக்ட் நடந்த கம்பெனியே அவனை நிரந்தர வேலைக்கு அழைத்து மூன்று மாதமாகியிருந்தது. ஊரில் அம்மா காத்திருப்பாளே என்று பதில் சொல்லாமல் இருந்தான். மறுநாள் காலை மேனேஜரிடம் போய் 'சரி' என்றான். அதே நாள் அம்மாவுக்கும் போன் போட்டான்.

"அங்கேயே இருக்கப் போறியா? அங்க யாருடா இருக்கா உனக்கு?"

"ஹான்ஸ் இருக்கும்மா."

"யாரு அந்தப் பையன்?"

"பையன் இல்லம்மா... பொண்ணு."

விருதுநகரில் எதையோ கீழே வைக்கும் சத்தம். "எந்த ஊருடா?"

"பூர்வீகம் கொலம்பியா... அம்மா, அழாத. பாம்பும்மா அது."

"பாம்பா?" அம்மா நீளமாக மூச்சு விட்டாள். "கடங்காரா, உயிரே போச்சு. சரி... பொண்ணுன்னு ஒண்ணு இருந்தா ஒழுங்கா முன்னாடியே சொல்லு."

அவன் சிரித்தான். இருக்கிறாளா என்று அவனுக்கே இன்னும் தெரியாதே...

பிப்ரவரியில் வைத்தியசாலையின் தொலைபேசி ஒலித்தது.

"வணக்கங்க. ஹான்ஸோட... ஓனர் பேசறேன்."

அவள் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "ஓம்... சொல்லுங்கோ. அவளை விட்டிட்டீங்களோ?"

"இல்லைங்க. வீட்டைத்தான் விட்டுட்டேன். வீட்டுக்காரம்மா ரெண்டு மீட்டர்னதும் கதவைக் காட்டிட்டாங்க. வீஸ்லொக்ல தரைத்தளத்துல ஒரு வீடு எடுத்திருக்கேன். ரெண்டு மீட்டர் பத்து வளரும், பெட்டி அதுல முக்கால் இருக்கணும்னு கணக்குப் போட்டு, ஒண்ணு அறுபது நீளத்துக்குப் பெட்டி செய்யப் பலகை வாங்கி வச்சிருக்கேன். அளவு சரியான்னு... நீங்க வந்து பாத்தா நல்லாருக்கும்."

"மார்ச்சோட போறவருக்கு ஏன் இவ்வளவு பெரிய பெட்டி?"

"போகலைங்க."

அவள் வீட்டு முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் வந்தாள். தனியாக அல்ல. அப்பா அலோசியஸ் கூடவே வந்தார், கையில் துளை போடும் ட்ரில் பெட்டியோடு. பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்ப்பவர். சுவரில் சாய்ந்திருந்த பலகைகளைப் பார்த்ததும், பையனை எடைபோட வந்த காரியத்தையே மறந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"ஆர் தம்பி இந்தப் பலகையை வெட்டினது? கோணலாக் கிடக்கு. விடும், நான் பாக்கிறன்."

உள்ளறையில் ட்ரில் உறுமத் தொடங்கியது. சமையலறையில் பார்த்தசாரதி தேநீர் வைத்தான். பேர்பெச்சுவாவின் தோளில் ஹான்ஸ் சுருண்டிருந்தாள். அக்டோபரில் பார்த்ததைவிட ஒரு சாண் கூடியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனியும் மழையும் கலந்து, எதுவாக விழுவது என்று தெரியாமல் விழுந்துகொண்டிருந்தன.

"ஒரு பாம்புக்காக ஆரும் நாட்டில நிப்பினமோ?" கோப்பையைப் பார்த்தபடி கேட்டாள்.

"பாம்புக்காக மட்டும்னு சொன்னா அது பொய்."

"என்ன?" ட்ரில் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

"பொய்னு சொன்னேன்."

"ஆர் பொய்?"

அவன் குரலை உயர்த்தினான். "உங்க லெட்டர் வந்துச்சுல்ல... அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்."

"கேக்கேல்லை... பலமாச் சொல்லுங்கோ."

இத்தனை நாள் சேர்த்து வைத்த தைரியம் எல்லாம் தொண்டைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, முழுக் குரலில் சொன்னான்.

"உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

'ரொம்ப' என்ற சொல்லில் ட்ரில் நின்றிருந்தது.

மிச்சம் முழுவதும் அந்த அமைதியான வீட்டில், எல்லாச் சுவர்களிலும் பட்டுத் தெளிவாக ஒலித்தது. அவன் கண்ணைத் திறந்தான். அவள் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெரிய கண்கள் நிறைந்து மின்னின. உள்ளறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பேர்பெச்சுவா ஓடி ஒளியவில்லை. வெட்கம் காது வரை ஏறியிருந்தது. ஆனாலும் நிமிர்ந்து அவனையே பார்த்து, அப்பாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

உள்ளறையில் ட்ரில்லைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அலோசியஸின் குரல் வந்தது. கண்டிப்பாக இருக்க முயன்று, பாதி வழியில் சிரிப்பாக மாறிப்போன குரல்.

"தம்பி, அதை என்னட்டையும் ஒருக்கா வந்து முறையாச் சொல்லோணும். இப்ப முதல் வந்து இந்தப் பலகையைப் பிடியும்."

பார்த்தசாரதி அடுப்பை அணைக்கக்கூட மறந்து ஓடினான்.