குறையாத எண்ணெய்

படகின் அடியில் தேங்கியிருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி வாளிக்குள் பிழிந்துவிட்டு, சிவரூபன் எஞ்சினின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். கம்பியில் எண்ணெய் காலையில் நின்ற கோட்டிலேயே நின்றது. துடைத்துவிட்டு மறுபடி உள்ளே விட்டு உருவினான். அதே கோடு. வாளியில் அரைவாசிக்கு எண்ணெய் இருக்கிறது, எஞ்சினுக்குள்ளோ ஒரு சொட்டும் குறையவில்லை. அப்படியென்றால் இது எங்கிருந்து வருகிறது?

அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது. விடிந்ததிலிருந்து இந்த எஞ்சின் குழிக்குள் உடம்பை மடக்கிக்கொண்டு கிடக்கிறான். பின்பக்கத்து ஒயில் சீல் வளையம் மாற்றியாகிவிட்டது. புதுக் காஸ்கட் வெட்டிப் போட்டாகிவிட்டது. இறுகிப்போன நட்டொன்றோடு மல்லுக்கட்டி விரல் மொழிகளில் தோல் உரிந்ததுதான் மிச்சம். மேலே பலகை மூடி திறந்திருந்தும் மாரி வானத்தின் மப்பு வெளிச்சம் அவன் தலைவரைக்கும்தான் இறங்கியது. அதற்குக் கீழே டீசலும் பழைய மீன் நாற்றமும் சூடேறிய ரப்பரும் கலந்த காற்று நகராமல் நின்றது. படகுக்கு அடியில் பருத்தித்துறைக் கடல் சளப் சளப்பென்று அடித்துக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்தின் இடையிடையே, எஞ்சின் நின்று குளிர்ந்து இவ்வளவு நேரமாகியும், எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

வேறு யாருடைய படகாக இருந்தாலும் சாமான்களைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இதைப் பொழுதுபடும் முன் கடலுக்குக் கொண்டுபோகப் போகிறவன் அவனுடைய ஒரே தம்பி கோகுலன். போன மாதம் இதே படகில் அதை ஓட்டும் தண்டயலாகப் போன சோமசேகரம் திரும்பி வரவில்லை. படகு வந்தது, அவரோடு போன இரண்டு பேரும் வந்தார்கள், அவர் மட்டும் வரவில்லை. முதலாளி பஞ்சலிங்கம் அந்தத் தண்டயல் வேலையைக் கோகுலனின் தலையில் கட்டிவிட்டார். நடுக்கடலில் எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகிப்போனால், இந்த வாடைக் காற்றில் படகு எந்தத் திசையில் இழுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. தம்பி போய்விடுவானோ என்ற பயம் சிவரூபனுக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"அண்ணை, முடிஞ்சுதோ?" மேலிருந்து கோகுலன் எட்டிப் பார்த்தான்.

"முடிஞ்சால் நான் ஏன்ரா இதுக்குள்ளை கிடக்கிறன்?"

"இருட்டமுன்னம் வெளிக்கிடோணும்."

"ஒழுக்கு நிக்காமல் நீ ஒரு இடமும் வெளிக்கிடேலாது. சொல்லிப்போட்டன்."

கோகுலன் பதில் சொல்லாமல் ஐஸ் ஏற்றப் போய்விட்டான். பதில் சொல்லாமல் போனால் அவன் நினைத்ததைத்தான் செய்வான் என்று அர்த்தம்.

ஒழுக்கைப் பிடிக்கச் சிவரூபனிடம் ஒரு வழி இருந்தது. எஞ்சினை ஈரமில்லாமல் துடைத்து, மேலே முகப்பவுடரைத் தூவிவிட்டு ஓட விட்டால், கசிகிற இடத்தில் வெள்ளையில் கறுப்புக் கோடு விழும். கள்ளன் தானாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். இன்றைக்கென்று பவுடர்ப் பேணி காலி. தட்டினான், உதறினான், வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினான். பிறகு மேலே ஏறி, சுக்கான் அறைக்குள் சாமிப் படங்களுக்குக் கீழே பார்த்தான். வெள்ளைத் துணியால் வாய் கட்டிய பால்மாப் பேணி ஒன்று இருந்தது. அவிழ்த்தான். திருநீறு.

கொஞ்சம் கருமை தட்டி, துகளும் கட்டியுமாக இருந்தது. கோயில் திருநீறு இப்படி இருக்காதே என்று ஒரு கணம் கை தயங்கியது. படகுக்காரர் தாங்களே சுட்டது வேறு எப்படி இருக்கும்? தம்பி கரை சேருவதற்குத்தானே, சாமி கோபிக்க மாட்டார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு இறங்கினான்.

கைக்கு எட்டிய இடமெல்லாம் தூவினான். எட்டாத இடம் ஒன்றுதான், எஞ்சினுக்கு அப்பால், படகின் சுவரை ஒட்டிய பக்கம். அங்கே அரைச் சாண் இடைவெளிகூட இல்லை, எலி போகலாம். உள்ளங்கையில் வைத்து ஊதி அந்தப் பக்கத்துக்கும் அனுப்பினான். மேலே போய்ச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமி, நடுங்கி, சீரான உறுமலுக்கு வந்தது. திரும்ப இறங்கி, தொலைபேசியைப் பிடித்த கையை இடைவெளிக்குள் நீட்டி, காணாத அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தான்.

படத்தில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. கறுப்புக் கோடு ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு கை பதிந்திருந்தது.

உள்ளங்கையும் ஐந்து விரலும் அச்சொட்டாக. தன்னுடைய கைதான் எங்கேயோ பட்டிருக்கும் என்று நினைத்தான். ஆனால் அவன் அங்கே தொடவில்லை, ஊதினான். அதோடு விரல்கள் அவனை நோக்கி நீண்டிருந்தன. அப்படிப் பதிய வேண்டுமானால், எஞ்சினுக்கும் சுவருக்கும் இடையில் நின்று ஒருவர் கை வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு படம் எடுத்தான்.

கை சற்றுக் கீழே இறங்கியிருந்தது.

எப்படி மேலே ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. சுக்கான் அறை வாசலில் கோகுலன் அந்தப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"இதை ஆர் திறந்தது?"

"நான்தான். திருநீறு கொஞ்சம் எடுத்தனான்."

"இது திருநீறில்லை அண்ணை." கோகுலனின் குரல் இறங்கியது. "சோமசேகரம் அண்ணையின்ரை சாம்பல். உடம்பு கிடைக்கேல்லை எண்டு தர்ப்பையிலை உருவம் செய்து எரிச்சவை. இண்டைக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அவர் போன இடத்திலை கரைச்சு விடச் சொல்லி அவரின்ரை மனிசி தந்து விட்டது."

சிவரூபன் தன் கைகளைப் பார்த்தான். உரிந்த விரல் மொழிகளில், நகக் கண்களில், ரேகைகளில் எல்லாம் சாம்பல். இடுப்பில் கட்டியிருந்த சாறத்தில் துடைத்தான். போகவில்லை.

"அவர் கடலிலை தவறி விழுந்தவர்தானே?"

"வெளியிலை அப்பிடித்தான் கதைக்கினம். ஆனால் அண்டைக்கு எண்ணெய் ஒழுகி எஞ்சின் நிக்கப் பாத்ததாம். நான் உள்ளங்கையாலை பொத்திப் பிடிக்கிறன், நீங்கள் கரைக்கு விடுங்கோடா எண்டு கீழை இறங்கினவர். கரை வந்து மூடியைத் திறந்தால் ஆள் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டு நிண்டதாம்."

"நீ போகாதை," என்றான் சிவரூபன். அதைக் கெஞ்சலாகத்தான் சொல்ல நினைத்தான், அதட்டலாக வந்தது. "இந்தப் படகிலை நீ போகப்படாது."

"அந்த மனிசி படைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்குது. வாக்குக் குடுத்திட்டன். ஒழுகினால் ஒழுகட்டும், அள்ளி அள்ளி ஊத்திக்கொண்டு போறன்."

"விசரா உனக்கு?"

கோகுலன் பேணியின் வாயைத் திரும்பக் கட்டிவிட்டு, முன்பக்க அணியத்தில் கிடந்த வலையை இழுத்துப் போடப் போனான்.

சிவரூபனுக்கு அழுகை வரும்போல இருந்தது. படத்தைக் காட்டினாலும் இவன் கேட்க மாட்டான். எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கடலில் எறிந்தாலும் வேறு சாவி கொண்டுவருவான். இவன் போகத்தான் போகிறான் என்றால் ஒழுக்கோடு போகக் கூடாது. ரப்பர் துண்டையும் இறுக்குகிற கிளிப்பையும் எடுத்துக்கொண்டு, மனதுக்குள் தம்பியையும் பஞ்சலிங்கத்தையும் செத்தவரையும் ஒன்றாகத் திட்டியபடி மறுபடி இறங்கினான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. குழிக்குள் இப்போது ஊறிய சாக்கின் வாடையும் சேர்ந்திருந்தது. சுடு குழாய்க்கு மேலால் குப்புறச் சாய்ந்து, வலது கையை அந்த இடைவெளிக்குள் நுழைத்தான். மணிக்கட்டு போனது. முழங்கைக்குக் கீழ்வரை போய் இறுகியது. விரல்களால் தடவினான். இரும்பு. போல்ட்டின் தலை. சாம்பலின் சொரசொரப்பு. பிறகு ஈரம்.

கண்டுபிடித்துவிட்டான்.

எண்ணெய் இளஞ்சூடாக வந்தது. ஒரே சீராக வரவில்லை, விட்டு விட்டு வந்தது. நாடி துடிப்பதுபோல. உள்ளங்கையால் பொத்தினான். காலையிலிருந்து, இப்போது உறுமலையும் மீறி, கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சொட்டுச் சத்தம் நின்றது. அகப்பட்டாயா என்று வாய்விட்டே சொன்னான். நாள் முழுக்கப் பட்ட பாட்டுக்கு ஒரு பலன். இனி ரப்பரை வைத்து இறுக்கினால் தம்பி தப்பினான்.

ரப்பரை எடுக்கக் கையை இழுத்தான்.

வரவில்லை.

அவன் கைக்கு மேலே இன்னொரு கை இருந்தது.

குளிர்ந்த கை. கனநாள் தண்ணீரில் கிடந்ததுபோல் ஊறி, தோல் இளகியிருந்தது. அது அவனை நெரிக்கவில்லை. அவனுடைய சுட்டு விரலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தது. நடுவிரலை நகர்த்தி வைத்தது. பெருவிரலைச் சரியான இடத்தில் அழுத்தியது. கசிவு ஒரு துளிகூட வராதபடி பார்த்துப் பார்த்து வைத்தது. பிறகு தன்னுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது.

அந்தக் கை போய்விட்டது. அவன் கை வரவில்லை.

கத்தினான். எஞ்சின் அதைத் தின்றுவிட்டது. இடது கையால் இரும்பில் அடித்தான். காலால் உதைத்தான். அவன் முதுகை உரசிக்கொண்டு ஏதோ ஒன்று ஏணியில் ஏறியது. ஈரம் சட்டைக்குள் இறங்கியது. தலையைத் திருப்ப முடிந்த மட்டும் திருப்பினான்.

மூடியின் சதுரத்துக்குள் இரண்டு கால்கள் தெரிந்தன. அவன் கட்டியிருந்ததைப் போலவே நீலச் சாறம். அதே எண்ணெய்க் கறை. சாறத்துக்குக் கீழே வெளிறி வீங்கிய குதிக்கால்கள்.

"எண்ணெய் நிண்டிட்டுதோ அண்ணை!" மேலே கோகுலனின் குரல், சந்தோஷமாக. "நீங்கள் எண்டால் நீங்கள்தான்!"

யாரோ ஏதோ சொன்னார்கள். அது சிவரூபனின் குரலாகவே இருந்தது.

"ஓம், நான் கவனமாய்ப் போயிட்டு வாறன். நீங்கள் வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ. பிரசாந்தி அண்ணி பாத்துக்கொண்டிருப்பா," என்றான் கோகுலன்.

"கோகுலன்! டேய்! நான் இஞ்சை!"

கால்கள் நகர்ந்தன. படகு ஒருபக்கம் சரிந்து நிமிர்ந்தது, யாரோ கரையில் இறங்கினார்கள். பலகை மூடி விழுந்தது.

இருட்டு.

கயிறு அவிழும் சத்தம். எஞ்சினின் உறுமல் கூடியது. முன்பக்கம் எழும்பி அலையில் ஏறியது. அந்த வேகத்தோடு அவனுடைய முழங்கை உள்ளே போயிற்று. வலிக்கவில்லை. அடுத்த அலையில் தோள் போயிற்று. இடது கையால் எதையாவது பற்றப் பார்த்தான். எல்லாம் எண்ணெய். வழுக்கியது. கன்னம் சுவரோடு ஒட்டி, மெல்ல மெல்ல அப்பால் வழுக்கிச் சென்றது.

அங்கே ஓர் ஆளுக்கு இடம் இருந்தது.