இரண்டு லட்சம் பேரின் பேச்சு

"ஏட்டி, உப்பு தூக்கலா கெடக்கு." பிரமநாயகத்தின் காதுக்குப் பின்னால் இருந்த சொல்லொட்டி அவருடைய குரலிலேயே பேசியது. ஆவுடை சிரித்துக்கொண்டே குழம்பில் வெந்நீர் ஊற்றினாள்.

பக்கவாதம் கணவரின் பேச்சைப் பறித்தபின், அவள் தனியாளாக இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய செயலியில் ஓடும் கருவி அது. மூளை சொல்ல நினைப்பதை உணர்ந்து, அந்த மனிதர் முன்பு பேசிய பேச்சிலிருந்தே சொல்லை எடுத்துக் கொடுக்கும். பாளையங்கோட்டை வீட்டிலிருந்து முந்நூறு பேருக்கு விற்றிருந்தாள். ஒவ்வொருவரின் பழைய குரல் பதிவுகளும் இணையத்தில் வாடகைக்கு எடுத்த தனித்தனித் தரவுக் கிடங்கில் இருந்தன. வருமானம் கிடங்கு வாடகைக்கே சரியாகப் போயிற்று.

பொதிச்சந்தை நிறுவனத்திலிருந்து சாலமோன் வந்தார்.

"மேடம், பத்துச் செயலிய ஒரே பொதியாக் கட்டி, ஒரு செயலி விலைக்குக் குடுக்கோம். ஒரே வாரத்துல உங்க பேரு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

அவள் சம்மதித்தாள்.

ஒரே வாரத்தில் இரண்டு லட்சம் பேர் வந்தார்கள். பெரும்பாலோருக்கு நன்றாகவே பேச வரும். பொதியோடு கிடைத்ததால் மாட்டிக்கொண்டார்கள். அவள் பங்காக வந்தது கிடங்குக்குப் போதவில்லை. கிடங்கு திணறியது.

"எல்லாரு பேச்சையும் ஒரே கிடங்குல கலந்துருங்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் சாலமோன்.

மறுத்தால் வாடகை கட்ட முடியாமல் கிடங்கு மூடிப்போகும்; முந்நூறு பேரும் மறுபடி ஊமையாவார்கள். கலந்தாள்.

மறுநாள் காலை காப்பியை வாங்கிய பிரமநாயகம், "மிக்க நன்றி, அன்பே. அருமையான காபி," என்றார்.

முப்பது வருடத்தில் அவர் ஆவுடைக்கு நன்றி சொன்னதே இல்லை. அவர் கண்கள் மிரண்டன. அதுவல்ல, அதுவல்ல என்று தலையை ஆட்டினார்.

"சிறப்பு. மகிழ்ச்சி," என்றது சொல்லொட்டி.

அவள் கணினிக்கு ஓடினாள். கலந்த பேச்சைப் பிரிக்க வழியில்லை. தனிக் கிடங்குகளைக் காலி செய்தபோதே பழைய பதிவுகளும் அழிந்திருந்தன; குரல் மட்டும் கருவியில் மிஞ்சியிருந்தது. திரையில், பொதி வாங்கியவர்கள் ஐந்து நட்சத்திரங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொலைபேசி ஒலித்தது. முந்நூறு பேரில் ஒருவரின் மனைவி, சங்கரன்கோவிலிலிருந்து.

"யக்கா, எங்க வீட்டுக்காரரு ரொம்ப நல்லாப் பேசுதாரு. ஆனா வேற யாரையோ வீட்டுல வச்சிருக்க மாரி இருக்கு. அவரத் திருப்பிக் குடுத்துருங்கக்கா."

பக்கத்தில் பிரமநாயகம் வாய் கோணி அழுதுகொண்டிருந்தார்.

"இன்று ஓர் இனிய நாள்," என்றது அவர் குரல்.