நீர் வற்றாத நாள்

எட்டு மணிக்கு ஏற வேண்டிய தண்ணீர் அன்று எட்டு ஐம்பதுக்கு ஏறியது.

மெர்ரின் அடுக்களையில் டீ கலந்துகொண்டிருந்தாள். பின்கட்டுத் தகரக் கொட்டகையில் பம்பு முனகுவதும், கூழாங்கற்களுக்கு இடையில் தண்ணீர் களகளவென்று புகுந்து மேலேறுவதும், கால் மணி நேரம் கழித்து அதே குழாய் வழியாக ஒரு நீண்ட உறிஞ்சலோடு கீழே இறங்குவதும் கேட்டது. அந்தச் சத்தம்தான் இப்போது அந்த வீட்டில் அவளுக்குத் துணை. ராத்திரி கரண்ட் போயிருக்கும், டைமர் பின்தங்கியிருக்கும் என்று நினைத்து, போய் அதைச் சரியாக வைத்துவிட்டு வந்தாள்.

வாலரூ என்ற வளைகுடாக் கரை ஊரில் அவர்கள் வீட்டுப் பின்புறம் இரண்டு விரற்கடை தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. அதனால்தான் அவள் புருஷன் டென்சில் மண்ணே இல்லாத தோட்டம் போட்டான். மேசை மேல் ஒரு சாண்கூட ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டு. அதில் கூழாங்கல் நிரப்பிய தொட்டிகளில் லெட்யூஸ் கீரை. மேசைக்கு அடியில் உரம் கரைத்த தண்ணீர்த் தொட்டி, அதற்குள் பம்பு. ஒரு நாளைக்கு நான்கு முறை தண்ணீர் தட்டுக்கு ஏறி, வேரை நனைத்துவிட்டு இறங்கும். "வேரு குடிக்கவும் வேணும், மூச்சு விடவும் வேணும்" என்பான்.

தண்ணீர்த் தொட்டிக்கு அவளுடைய துணி அலசும் தொட்டியை எடுத்துக்கொண்டான் என்று அவளுக்குக் கோபம். முதல் முறை பம்பைப் போட்ட காலையில், வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். துணி காயப்போட்டுவிட்டு வருவதாகக் கொடியடியிலிருந்தே சொன்னாள். போகவில்லை. மத்தியானம் அவன் நண்டு பிடிக்கப் படகை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் படகை வேறு யாரோ கட்டி இழுத்து வந்தார்கள். இருக்கையில் பாதி தின்ற, கறி அடைத்த பாஸ்டி ரொட்டி இருந்தது. அவன் இல்லை.

பதினோரு வாரம். கொட்டகைச் சுவரில் அவன் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டாள். ஞாயிறுதோறும் பழைய தண்ணீரைக் கொட்டி, மழைத்தண்ணீர் பிடித்து, உரம் அளந்து கலந்து, மீட்டரை முக்கி உப்பு எவ்வளவு என்று பார்ப்பாள். கீரையைப் பறிக்க மனம் வரவில்லை. தண்டு நீண்டு, பூவெடுக்கும் பருவத்துக்கு வந்துவிட்டது. சாகவிடவும் மனம் வரவில்லை.

டைமரைச் சரியாக வைத்த மறுநாள் தண்ணீர் ஒன்பது நாற்பதுக்கு ஏறியது. அதற்கடுத்த நாள் பத்தரைக்கு. நான்கு முறை போய், ஒரு நாளைக்கு இரண்டே முறை.

தினமும் ஐம்பது நிமிடம் தள்ளி வருவது எது என்று மீன்பிடிப்பவன் பெண்டாட்டிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கடல் ஏற்ற இறக்க அட்டவணையை விரல் வைத்துப் பார்த்தாள். பத்தரை. ஏற்றம்.

டென்சிலின் தம்பி பெரானைக் கூப்பிட்டாள். அவன் புது டைமர் போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி தூங்காத அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மெர், இத அணைச்சிடேன். எங்க வீட்டுக்கு வா. கொஞ்ச நாள் இரு."

"அணைச்சா வேரு காஞ்சிடும், பெரான்."

"காயட்டும்மா. அவன் வரமாட்டான்."

 அவன் போன மறுநாளும் தண்ணீர் பதினொன்று இருபதுக்கு ஏறியது.

அந்த ஞாயிறு புதிதாகக் கலந்த தண்ணீரில் மீட்டரை முக்கினாள். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கடல். மொத்தத்தையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பினாள். சாயங்காலம் மறுபடி கடல். உப்பில் கருகியிருக்க வேண்டிய கீரை, இலை தடித்து, ஈரக்கயிறும் டீசலும் கலந்த வாடையோடு இன்னும் கரும்பச்சையாக வளர்ந்தது. அது அவன் சட்டை வாடை. அவள் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

பிறகுதான் பயம் வந்தது. எழுந்து பம்பின் ஒயரைப் பிடுங்கினாள்.

மறுநாள் பம்பு முனகவில்லை. தண்ணீர் ஏறியது.

அந்த வளைகுடாவில் சில நாள் கடல் ஏறவும் ஏறாது, வற்றவும் வற்றாது. ஒரு பகல் முழுக்க அப்படியே நிற்கும். அந்த நாள் வியாழக்கிழமை வந்தது. தட்டு விளிம்புவரை நிரம்பி, கண்ணாடி போல் நின்றது. மூன்று மணி வெயிலில் தகரக்கூரை படபடத்தது. உள்ளே மட்டும் குளிர்.

ஒரு மணி நேரமாயிற்று. இரண்டு. தண்ணீர் இறங்கவில்லை. வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும். குழாய் வாயில் வேர் அடைத்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

கூழாங்கல். வேர். குழாய் வாய்க்காக விரலால் துழாவினாள்.

மணிக்கட்டு நனைந்தது. முழங்கை.

அடி தட்டுப்படவில்லை.

தோள்வரை போய்விட்டது. கன்னம் தண்ணீரைத் தொட்டது. கீழே இன்னும் இருந்தது. இருட்டும், குளிரும், எங்கோ மெல்ல அசையும் கனமும்.

ஏதோ அவள் விரலைத் தொட்டது.

மெத்தென்றிருந்தது. தோல் வழுக்கிக்கொண்டு விலகியது. ஒவ்வொரு விரலாக அவள் விரல்களுக்குள் வந்து கோத்துக்கொண்டது. மூன்று விரல்தான். மீதி இடத்தில் எலும்பு உரசியது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ரொம்ப குளிருதா?" என்று கேட்டாள்.

நீண்ட உறிஞ்சல் சத்தம். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. விரற்கடை விரற்கடையாக. கற்கள் வெளியே வந்தன. வெள்ளை வேர்கள் சரிந்தன. தட்டின் அடி தெரிந்தது. கை நுழைய ஓட்டை இல்லை, பிளவு இல்லை, வெறும் பிளாஸ்டிக். அதன் மேல் அவள் தோள் பதிந்திருந்தது.

தோளுக்குக் கீழே கை இல்லை.

விரல்களை மட்டும் உணர முடிந்தது. அவற்றை யாரோ இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். மெதுவாக இழுத்தார்கள்.