கழுவாமல் விட்ட வீடு

சினிமா எடுக்க வந்த படக்காரர் பாடையைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் வாசல் நிலை மட்டும், பாரம் சுமந்த தோள்கள் உரசிக்கொண்டு போவதுபோல, இன்னும் இடைக்கிடை முனகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் குணேஸ்வரி குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வீட்டின் முன் ஹோலில் ஒருவருமில்லை. விளக்கு வைத்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், மிதிபட்டு நசிந்த செவ்வந்தி இதழ்களும், எப்போதோ அணைந்துபோன சாம்பிராணியின் மணமும் அப்படியே கிடந்தன.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. புருஷன் வேலாப்போடி கிளிவெட்டிக்கு அறுவடைக்கு வயல் வெட்டப் போனால் வெள்ளிக்கிழமை மூதூர் லோஞ்சுப் படகில்தான் திரும்புவார். அதுவரைக்கும் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு, தன்னோடு தானே கதைத்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். அதனால்தான் படமெடுக்க வீடு கேட்டபோது வாயெல்லாம் பல்லாக ஓம், எடுங்கோ என்றாள். ஆட்களின் சிரிப்பும் தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தமும் அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தன.

அவர்கள் எடுத்தது செத்தவீட்டுக் காட்சி. வாசலுக்கப்பால் கடல் தெரியத் தெரியப் பாடை வெளியே போகவேண்டும். போகிற நேரம் பார்த்து ஒரு கப்பல் குறுக்கே வந்தது. பாடையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார்கள். மறுபடி போனது, மறுபடி வந்தது. வெளிக்கிட்ட பாடை வீட்டுக்குள் திரும்பி வருகிற அநியாயம் எங்கேயாவது உண்டா? அவள் அதை வாய்விட்டே சொன்னாள். சொன்னதற்கு உதவி இயக்குநர் சிரித்தான். பாடையில் கிடக்கிறவருக்குத் தேத்தண்ணி வேணுமாம் அக்கா என்றான்.

பிணம் போனால் வீட்டைக் கழுவவேண்டும். ஆனால் நாளைக்கு மிச்சம் எடுக்க இருக்கிறது, ஒன்றிலும் கைவைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கழுவினால் வராமல் விட்டுவிடுவார்களோ என்று அவளுக்கு ஒரு விசர் நினைப்பு. கழுவாமலே காத்திருந்தாள். அவர்கள் வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு றுக்கியா வேலியால் எட்டி, படக்காரர் குச்சவெளிக்குப் போய்விட்டார்கள், இனி வரமாட்டார்களாம் என்று சொன்னாள்.

குணேஸ்வரி வாளியைத் தேடினாள். புருஷன் வந்து கால்வைக்க முதல் வீட்டைக் கழுவவேண்டும். அந்த மனிசனை விட்டால் அவளுக்கு ஆர் இருக்கிறார்கள்? வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். தண்ணீரோடு ஹோலுக்குள் வந்தபோது பொழுது மங்கிவிட்டது. சாம்பிராணி மூக்கில் அடித்தது. பழைய மணமல்ல, இப்போதுதான் தணலில் போட்ட மணம். நிலை முனகியது. நின்றது. மறுபடி முனகியது. இது வெளியே போகிற சத்தமல்ல.

வாசலில் இருமல் கேட்டது. வேலாப்போடியின் இருமல்தான். முருகா என்று ஓடி இரட்டைக் கதவின் ஒரு பக்கத்தைத் திறந்தாள். அவர் நின்றார். முகமெல்லாம் நெல் தூசு. பின்னால் நாலு பேர். ஒரே உயரம். தோளில் மடித்துப் போட்ட துண்டு.

"லோஞ்சில என்னோட வந்தவங்கள்," என்றார். "இந்த வீட்டைத்தான் கேட்டாங்கள். மிச்சம் எடுக்க வேணுமாம்."

"உள்ள வராதேங்கோ. கொஞ்சம் நில்லுங்கோ."

"நிக்க ஏலாது குணேசு. ஒரே அலுப்பு. படுக்கப்போறன்."

அவளைத் தாண்டி நடந்தார். பாய் தேடவில்லை. ஹோலின் நடுவில், வெறும் நிலத்தில், தெற்கே தலைவைத்துப் படுத்தார். உலுக்கினாள். கூப்பிட்டாள். அவர் கை குளிர்ந்து கிடந்தது.

நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். தலைமாட்டில் இரண்டு பேர். கால்மாட்டில் இரண்டு பேர். குனிந்தார்கள். ஒருவன் மட்டும் நிமிர்ந்து, கதவின் மற்றப் பக்கத்தையும் திறந்துவிடும்படி அவளுக்குக் கை காட்டினான்.