யாழி நடந்த தூரம்

பழவேற்காட்டு மிதவை நகரில் ஞாயிறு என்றால் மீன்குழம்பும் நினைவகமும்தான். கேமராப் படத்தை யார் வேண்டுமானாலும் ஜோடிக்கலாம் என்றான பிறகு ஊர் அதைக் கைகழுவிவிட்டது. இப்போது நெற்றியில் நினைவுறிஞ்சியை ஒட்டி, கண்டதைத் தலைக்குள்ளிருந்தே எடுத்துச் சேமிக்கிறார்கள்.

அல்லியும் ரூபனும் மகள் யாழி முதன்முதலாக நடந்ததைச் சேமிக்க வந்திருந்தார்கள். வழியெல்லாம் சண்டை.

“எங்கிட்ட நடந்து வந்துதான் மடியில விழுந்தா. சோத்துக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு நீதான் அந்த நேரத்துல கூத்தடிச்ச,” என்றாள் அல்லி.

“நான் கிண்ணத்துப் பக்கமே வரல. புள்ள உன்னைத் தொடறதுக்கு முன்னாடியே கால் இடறிடுச்சு,” என்றான் ரூபன்.

நினைவெடுக்கும் சுலைமானுக்கு இது தினசரிக் கச்சேரி. “நீங்க எங்கம்மா உக்காந்திருந்தீங்க?”

“புள்ளைக்கு நேர் எதிர்ல, பாய்.”

“அப்ப உங்களுது செல்லாதும்மா. நம்மள நோக்கி வர்றது, நெசத்தைவிடக் கிட்ட வந்ததாத்தான் மனசுல பதியும். பக்கவாட்டுல பாத்தவங்க நினைவைத்தான் வைக்கணும்னு சட்டம். அதுவும் ஒரு புள்ளைக்கு ஒரு நினைவுதான்.”

அல்லியின் முகம் தொங்கிப்போனது. யாழி வளர்ந்து பார்க்கும்போது, அம்மாவிடம் வந்து சேராமலே விழுந்த காட்சிதானே இருக்கும்? சுமந்து பெற்றவள் இவள், சாட்சி அவனா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த ரூபன் மாப்பிள்ளை முறுக்கோடு நெற்றியை நீட்டினான். திரையில், தண்ணீரில் லேசாக ஆடும் தளத்தின் மேல் யாழி தத்தக்கா பித்தக்கா என்று வந்தாள். கால் இடறியது. அல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏய், கண்ணைத் தொற. இதை நானே அன்னைக்குக் கவனிக்கல,” என்றான் ரூபன். அவன் குரலில் முறுக்கு போயிருந்தது.

சுலைமான் மறுபடி ஓட்டினார். சம்மணமிட்டிருந்த ஒருத்தி, கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தை வீசியெறிந்துவிட்டுத் தரையோடு தரையாகப் பாய்ந்தாள். சோறு நாலா பக்கமும் பறந்தது. குழந்தையின் தலை தரையில் மோதுவதற்குள் அவள் உள்ளங்கை அடியில் போய்விட்டது.

அது தான்தான் என்று புரிய அல்லிக்குச் சற்று நேரம் பிடித்தது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைந்ததாகவே அவளுக்கு நினைவில்லை.

“கிண்ணத்தைத் தட்டிவிட்டது யாருன்னு இப்பத் தெரியுதா?” என்றான் ரூபன், கண் கலங்கியும் விடாமல்.

அல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “இதையே வைங்க பாய். அவ வந்து சேரலன்னா என்ன, நான் போய்ட்டேன்ல!”